புள்ளி விழாத இலை

என் மனைவி சாகக் கிடந்தாள் என்றால் அதற்கு நான் கொடுத்த மருந்துதான் காரணம். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு வராது. ஊரில் பாதிப் பேர் டெங்கு முற்றிப்போய்விட்டது என்றுதான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். என்ன நடந்தது என்று எனக்கும் அவளுக்கும் தெரியும். தோட்டத்துக்கும் தெரிந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் எனக்குள் நுழைந்தது. அது இன்னும் வெளியே போகவில்லை.

எங்கள் நிலம் பாகூர் ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. பெரும்பாலும் நெல்தான். வீட்டுக்குப் பின்னால், மோட்டார் கொட்டகையைச் சுற்றியிருந்த துண்டில் மட்டும் இருநூறு பப்பாளி வைத்திருந்தேன். கரும்பு வெட்ட ஆள் தேடி அலுத்துப்போய் எடுத்த முடிவு அது. பப்பாளி சண்டித்தனம் பண்ணாத பயிர். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், வருஷம் திரும்புவதற்குள் மரத்தைச் சுற்றிக் காய் தொங்கும். எனக்கு முன்கோபம் அதிகம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் போனால் எனக்கே என் குரல் தணிந்துவிடும்.

அவள் என் தாய்மாமன் மகள். பிறந்த ஊர் குருவிநத்தம். நர்ஸ் படிப்புப் படித்து, டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கையில் ரப்பர் உறை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மணிக்கட்டைச் சொறிந்துகொண்டு வருவாள். "க்ளவுஸ்ல போடற பவுடர் ஒத்துக்கல மாமா" என்பாள். அவள் அண்ணன் பிள்ளையின் பிறந்த நாளுக்கு பலூன் ஊதியபோது உதடு தடித்துப்போனது. "பலூன் ஊதத் தெரியாத நர்சு" என்று அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் கேலி செய்தேன். அவளும் தடித்த உதட்டோடு சிரித்தாள். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மழை ஓய்ந்ததும் வேலியோரத்து மரங்களில் கரும்புள்ளி நோய் விழுந்தது. அடி இலையைத் திருப்பிப் பார்த்தால் அடுப்புக்கரி உதிர்ந்த மாதிரி புள்ளி. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மஞ்சளாக ஒரு வளையம், வளையத்துக்கு உள்ளே காய்ந்து செத்த சதை. அடி இலைகள் ஒவ்வொன்றாக மடங்கி விழுந்தன. ஆனால் அதே மரத்தின் உச்சியில் இருந்த இலைகள் மட்டும் பளபளவென்று இருந்தன. அடியில் சாவு வீடு, மேலே கல்யாண வீடு. பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அடி இலைகளுக்கு மட்டும் மருந்தடித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

அந்த வாரமே அவள் காய்ச்சலில் படுத்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு. பயப்பட ஒன்றுமில்லை, வீட்டிலேயே இருக்கலாம், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், தினமும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் ரிசல்ட்டில் தட்டணுக்கள் இறங்கியிருந்தன. அவ்வளவுதான், எனக்குக் கை கால் ஓடவில்லை.

எங்கள் பக்கத்தில் டெங்கு என்றாலே பப்பாளி இலைச்சாறுதான். போன் பண்ணியவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றே கத்தியது. "இன்னாடா தம்பி, தோட்டத்தயே வச்சிக்கினு முழிக்கிற? ஊரே இலைக்கு அலையுது, உனுக்கு வூட்டுக்குப் பின்னால கீது!"

எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. என் பெண்டாட்டிக்கு வேண்டிய மருந்து என் கையால் நட்ட மரத்தில் இருக்கிறது என்ற பெருமை.

ஆனாலும் குடியானவன் புத்தி போகுமா? எங்கள் ஊரில் எந்த விளைச்சலானாலும் நல்லது சந்தைக்கு, சொத்தை வீட்டுக்கு. சொத்தைப் பகுதியைச் சீவிப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்று வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். காய் பிடித்த நல்ல மரத்தில் இலையை ஒடித்தால் காயில் வெயில் நேராக விழுந்து வெம்பிப்போகும். அதனால் நேராக வேலியோரத்து நோய் மரங்களிடம் போனேன். அதுதான் எப்படியும் போகப் போகிற மரம். அதற்காக நோய் இலையை அவளுக்குக் கொடுப்பேனா? ஒரு புள்ளிகூட இல்லாத, பூச்சிமருந்தும் படாத உச்சி இலையாகப் பார்த்து, துரட்டிக் கொம்பால் வளைத்துப் பறித்தேன். காம்பு ஒடிந்த இடத்தில் பால் சொட்டியது. வழக்கத்தைவிட அதிகமாகச் சொட்டியது போலத் தோன்றியது. இப்போது தோன்றுகிறதா, அப்போதே தோன்றியதா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

நரம்பை உருவிப் போட்டுவிட்டு மிக்சியில் அரைத்து வெள்ளைத் துணியில் பிழிந்தேன். எல்லோரும் இரண்டு ஸ்பூன் என்றார்கள். நான் அரை டம்ளர் கொடுத்தேன். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், குறையில்லாமல் கொடுப்போமே என்று நினைத்தேன்.

"இதுக்கெல்லாம் இன்னும் சரியான ஆதாரம் கிடையாது மாமா. தண்ணி குடிச்சா போதும்" என்றாள் அவள்.

"பெரிய டாக்டரு! குடிடி" என்றேன்.

குடித்தாள். தொண்டை நமநமவென்கிறது என்றாள். மறுநாளும் கொடுத்தேன். கீழ் உதடு லேசாகத் தடித்தது. அவளுக்குக் காய்ச்சல் வேறு, எதனால் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் கொஞ்சம் ஏறியிருந்தன. காய்ச்சல் விடுகிற நேரத்தில் அது தானாகவே ஏறும் என்று அவள் சொன்னாள். நான் என் மருந்துதான் ஏற்றியது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சாறு கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். டம்ளரை நீட்டினேன்.

"மாமா, இன்னிக்கு வாணாமே. நேத்தே ஒரு மாதிரி இருந்திச்சி."

"மருந்துன்னா தித்திக்குமா? கசக்கத்தான் செய்யும், அரிக்கத்தான் செய்யும். ராத்திரி பகலா உனுக்கோசரம் ஓடறவன் நானு. குடின்னா குடி!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தாள்.

நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் சிவந்திருந்தன. கழுத்தில் தடிப்புத் தடிப்பாக ஏதோ எழும்பி, நான் பார்க்கப் பார்க்க ஒன்றோடொன்று சேர்ந்தது. கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டே வந்தன. "மாமா, எனக்கு இன்னாமோ பண்ணுது" என்றாள்.

சொன்னது அவள்தான். குரல் அவளுடையது இல்லை. தடித்து, கரகரத்து, யாரோ ஒரு ஆம்பிளை அவள் வாய்க்குள் இருந்து பேசுவது மாதிரி இருந்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டது. "ஐயையோ, இது அவ கொரல் இல்லடா! உச்சி வேளையில தோட்டத்துப் பக்கம் போனாளா? காத்து கருப்பு அண்டிச்சாடா?" என்று அலறிவிட்டுத் திருநீறு எடுக்கத் திரும்பி ஓடியது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் நம்பினேன். டிகிரி முடித்தவன், போனில் மழை நிலவரம் பார்த்து நாற்று விடுகிறவன், அந்த அரை நிமிஷம் அப்படியே நம்பிக்கொண்டு நின்றேன். வீங்கிய அந்த முகத்தை என் மாமன் மகள் முகம் என்று என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. கிட்டே போகவே கால் வரவில்லை.

அவள்தான் என்னை உலுக்கினாள். ஒரு கையால் தொண்டையைக் காட்டினாள். இன்னொரு கையால் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியைக் காட்டினாள். அந்த வேற்றுக் குரலில் ஒரே ஒரு சொல்: "ஊசி."

நர்ஸ் அல்லவா, அவளுக்குப் புரிந்துவிட்டது. திருநீறோடு திரும்பி வந்த அக்காவைப் பின்னால் உட்காரவைத்து, நடுவில் அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வண்டியை விரட்டினேன். என் முதுகில் அவள் மூச்சு விசில் மாதிரி கேட்டது. பாதி வழியில் விசில் சத்தம் குறைந்தது. அது சரியாகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன், மடையன். மூச்சே உள்ளே போகவில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் அம்மா. பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஊசி போட்டார். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று. அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "இவங்க என்ன வேலை பாக்கறாங்க?" சொன்னேன். க்ளவுஸ் போட்டால் அரிக்குமா, பலூன் ஊதினால் உதடு தடிக்குமா என்று கேட்டார். நேரில் இருந்து பார்த்தவர் மாதிரி கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். ரப்பர் மரத்துப் பாலில் சில புரதங்கள் உண்டு. வெட்டினாலோ நோய் தாக்கினாலோ மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற ஆயுதங்கள் அவை. க்ளவுஸில் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்காகப் போட்டுப் போட்டு, இவள் உடம்பு அந்தப் புரதத்தை எதிரி என்று எழுதி வைத்துக்கொண்டது. அதே ஜாதிப் புரதம் பப்பாளிப் பாலிலும் இருக்கிறது. "நீங்க அதைப் பிழிஞ்சு, வடிகட்டி, அரை டம்ளர் குடுத்திருக்கீங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று சொல்லிவிட்டுப் போகலாம். என்னால் முடியவில்லை. அவளை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் எங்கள் பகுதி வேளாண் அதிகாரி அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கரும்புள்ளிக்கு மருந்து எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நோய் இல்லாத இலையாப் பார்த்துத்தான் மேடம் பறிச்சேன். அப்பறம் எப்படி?"

"எந்த மரத்துல பறிச்சீங்க?"

"வேலியோரத்து மரத்துல."

அவர் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார். "அடி இலையில பூஞ்சாணம் விழுந்ததும் அந்த இடத்தைச் சுத்தி இருக்கிற சதையை மரமே சாகடிச்சிடும். பூஞ்சாணத்துக்குச் சோறு கிடைக்கக் கூடாதுன்னு. நீங்க பார்த்த புள்ளியில பாதி, மரம் தானே பண்ணிக்கிட்டதா இருக்கலாம். அதே நேரத்துல மேல் இலைக்குச் சேதி போயிடும். இன்னும் நோய் வராத இலைங்க அப்பவே புரதத்தைச் செஞ்சு நிரப்பி வச்சுக்கும். பூஞ்சாணத்தோட சுவரை அரிச்சுத் தின்கிற புரதம். நோய் மரத்துல புள்ளி இல்லாம இருக்கிற இலை சும்மா நல்லா இருக்கிற இலை இல்லீங்க. ஆயுதத்தோட காத்துக்கிட்டிருக்கிற இலை."

"நல்ல மரத்து இலைன்னா ஒண்ணும் ஆயிருக்காதா?"

"அதுலயும் பால் இருக்கே. அளந்து பார்க்காம எது எவ்வளவுன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா நோய்ப்பட்ட மரத்துல ஜாஸ்தியா இருக்கும்."

வீட்டுக்குத் திரும்பியபோது உச்சி வெயில். தோட்டத்துக்குள் போனேன். காற்றே இல்லை. இருநூறு மரமும் அசையாமல் நின்றன. முன்பெல்லாம் அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு அது அமைதியாக இல்லை. வெளியே ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டதே! ஒவ்வொரு இலையாக அண்ணாந்து பார்த்தேன். எது தயாராக இருக்கிறது, எது இன்னும் இல்லை? கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல் பச்சை. ஒரு காம்பில் தெரியாமல் தோள் பட்டு இலை ஒடிந்தது. பால் சொட்டியது. இந்தச் சேதியும் போயிருக்கும் என்று நினைத்தேன். நட்டு, தண்ணீர் பாய்ச்சி, களையெடுத்த என்னை அந்த மரங்கள் எந்தக் கணக்கில் வைத்திருக்கின்றன என்று தோன்றியதும் வியர்த்துவிட்டது. செருப்பைக்கூட வரப்பில் விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வரவில்லை. நேராகக் குருவிநத்தத்தில் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுமா என்றால், ஆமாம், அப்போதும்தான். "மரத்துக்குப் பயந்துகினு கட்டினவன் வூட்ட வுட்டுட்டுப் போவியாடி?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்தினேன்.

அவள் குரல் அதற்குள் திரும்பியிருந்தது. மெதுவாகத்தான் சொன்னாள். "மரத்துக்கு இல்ல மாமா. எனக்கு உடம்பு சொல்லிச்சி, வாணாம்னு. ரெண்டு நாளா சொல்லிச்சி. ஆனா நீ கத்தின உடனே குடிச்சிட்டேன். நாளைக்கும் நீ கத்தினா நான் குடிச்சிடுவேன். அதுக்குத்தான் பயமா கீது."

அவள் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனான்.

ஒன்பது நாள் போனில் ஒன்றிரண்டு வார்த்தைதான். பத்தாம் நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஆள் கூப்பிடவில்லை. காய் தொங்கிய மரங்களையும் விடவில்லை. பப்பாளி மெத்து மரம், இரண்டு போடு போட்டால் சாயும். ஆனால் ஒவ்வொன்றும் சாய்வதற்கு முன்னால் பாலைக் கொட்டியது. கை, மார்பு, முகம், தலைமுடி எல்லாம் பால். வெட்டிக்கொண்டே போகும்போது இன்னும் வெட்டாத வரிசையைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். மறுநாள் மதியம் கடைசி மரம் விழுந்தது. மோட்டார் தண்ணீரில் நாலு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குருவிநத்தத்துக்குப் பஸ் ஏறினேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு பரபரப்பு எனக்கு.

மச்சான் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். தெருவில் நின்றபடியே சொன்னேன்: "எல்லாத்தயும் வெட்டிட்டேன். ஒண்ணு விடல."

"காய் மரத்தயுமா?"

"எல்லாத்தயும்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். நானும் இரண்டு கையையும் நீட்டினேன். நீட்டியபோதுதான் கண்ணில் பட்டது: நகக்கண் எல்லாம் மஞ்சளாகப் பால் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. முழங்கை மயிரிலும் திட்டுத் திட்டாக.

"கிட்ட வராத!"

வாழ்நாளில் நான் அவளிடம் அவ்வளவு பெரிய குரலில் கத்தியதில்லை. அவள் அப்படியே நின்றாள். நாலடி தூரம். நான் கையைக் காட்டினேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தெருக்குழாயில் கழுவினேன். மண்ணைப் போட்டுத் தேய்த்தேன், விளக்குமாற்றுக் குச்சியால் நகக்கண்ணைக் குடைந்தேன். ரத்தம் வந்தது. அவள் அதே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. கையை உதறிவிட்டுக் கேட்டேன்: "உள்ள வர்ட்டா?" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் எதையாவது கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை.

அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கோபம் வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது. வரவில்லை.

"இன்னிக்கு வாணாம் மாமா" என்றாள். "நாளைக்கு வா."

சரி என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.